திறந்த கதவும் திரிந்த கோட்பாடும்

1977இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை நீதிபதிகள் முன் வழக்கத்துக்கு மாறான கேள்வி ஒன்று வந்தது. மேற்கு லண்டனில் சிசிக் ஹை ரோடு 369ஆம் எண் வீட்டில் தங்கியிருக்கும் எல்லோரும் ஒரே குடும்பமா? அந்த வீட்டில் 36 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஹவுன்ஸ்லோ உள்ளாட்சி மன்றம் வரம்பு விதித்திருந்தது. அதிகாரிகள் வந்து எண்ணியபோது 75 பேர் இருந்தார்கள். கணவனிடமோ கூட வாழ்ந்தவனிடமோ அடிபட்டு ஓடிவந்த பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும். வீட்டை நடத்திய எரின் பிட்ஸியின் தரப்பு ஒரே வாதத்தைப் பிடித்துக்கொண்டது: இவர்கள் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உண்டு, ஒன்றாக வாழ்கிறார்கள்; ஆகவே இது ஒரே குடும்பம், பல குடும்பங்கள் தங்கும் வீடுகளுக்கான சட்டம் இங்கே பொருந்தாது. நீதிபதிகள் ஏற்கவில்லை. வருவதும் போவதுமாக நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும் கூட்டத்தைக் குடும்பம் என்று கொள்ள முடியாது என்று தீர்ப்பாயிற்று.

சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். நெரிசலான வீட்டில் நள்ளிரவில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற அச்சத்திலிருந்து பிறந்த விதி அது, அச்சமும் நியாயமானதே. ஆனால் 37ஆவது ஆளாக வந்து வாசலில் நிற்பவளிடம் என்ன சொல்லி அனுப்புவது என்பதற்கு அந்த விதியில் விடை இல்லை. பிட்ஸியிடம் இருந்தது. யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதைத் தவிர வேறெதையும் அவர் முதன்மையான விதியாகக் கொள்ளவில்லை. படுக்க இடமில்லையென்றால் தரையில் மெத்தை, மெத்தையும் இல்லையென்றால் இருப்பவர்கள் நெருக்கிப் படுப்பது.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும், அவருடைய சர்ச்சைக்குரிய நூல் வந்த 1982ஆம் ஆண்டில் கத்தியை வைத்து அவர் வாழ்க்கையை இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். பெண்ணியவாதிகளில் பலருக்கு முதல் பாதி மட்டும் போதும்: அடைக்கல இல்லத்தின் முன்னோடி; பிறகு தடம் மாறியவர். ஆண்கள் உரிமைக் குழுக்களுக்கு இரண்டாம் பாதியே முக்கியம்: பெண்களும் சமமாக வன்முறை செய்கிறார்கள் என்ற உண்மையைச் சொன்னதற்காக நாடு கடக்க நேர்ந்தவர். இரு தரப்பும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. என் கணிப்பு வேறு. இரு பாதியையும் உருவாக்கியது ஒரே குணம்தான். தன் கண்முன் நிற்பதை எவர் சொல்லுக்கும் மேலாக நம்பும் குணம் அது. வாசலில் நிற்பவளுக்குக் கதவைத் திறக்க அதைவிடச் சிறந்த குணம் இல்லை. மனித வன்முறைக்குப் பொதுக் கோட்பாடு வகுக்க அதைவிட ஆபத்தான குணமும் இல்லை.

பிட்ஸி 1939இல் சீனாவின் சிங்தாவ் நகரில் பிறந்தார். இரட்டையரில் ஒருவர். தந்தை பிரிட்டிஷ் தூதரகப் பணியில் இருந்தவர். 1942இல் குடும்பம் ஜப்பானியப் படையிடம் பிடிபட்டு, பிறகு கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானது. தந்தையின் பணி காரணமாகப் பிள்ளைப்பருவம் நாடு விட்டு நாடு கழிந்தது. வெளியே மதிப்பான வீடு. உள்ளே தந்தையின் சீற்றமும் தாயின் அடியும். இஸ்திரிப் பெட்டியின் ஒயரால் தாய் தன்னை ரத்தம் வர அடித்ததை அவர் பிற்காலத்தில் எழுதியும் பேசியும் இருக்கிறார். அந்தத் தாயை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கோட்பாடு முழுவதிலும் அவருடைய நிழல் உண்டு.

1971இல் சிசிக்கின் பெல்மாண்ட் டெரஸில் ஒரு சின்னஞ்சிறு வீட்டை உள்ளாட்சி மன்றத்திடமிருந்து பெற்றபோது பிட்ஸியின் மனத்தில் அடைக்கல இல்லம் என்ற எண்ணமே இல்லை. அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதே நோக்கம். அங்கே ஒரு பெண் வந்து உடம்பில் கன்றிப்போன காயங்களைக் காட்டினாள். தனக்கு யாரும் உதவவில்லை என்றாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். யார் வருவார்கள் என்று திட்டமிட்டு அமைத்த நிறுவனம் அல்ல அது; வந்தவர்கள் அந்த வீட்டை வேறொன்றாக மாற்றினார்கள், அவர் அதற்கு இடம் கொடுத்தார். இந்த இடம் கொடுத்தலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. அதே பெண்கள் அதற்கு முன் காவல் நிலையத்துக்கும் மருத்துவரிடமும் சமூகநல அலுவலகத்துக்கும் போயிருந்தார்கள். அங்கே இருந்தவர்களும் அதே காயங்களைப் பார்த்தவர்களே.

உலகின் முதல் அடைக்கல இல்லம் என்று சிசிக்கைக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பெருமையைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மனைவியர் படும் சித்திரவதையைப் பிரான்சஸ் பவர் காப் 1878லேயே பொதுவெளியில் எழுதினார். கணவன் கடும் தாக்குதலுக்காகத் தண்டிக்கப்பட்டால் மனைவி பிரிந்து வாழ ஆணை பெறலாம் என்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. கலிபோர்னியாவின் பாசடினா நகரில் ஹேவன் ஹவுஸ் 1964லேயே தொடங்கிவிட்டது. ஆகவே பிரச்சினையை முதலில் கண்டவர் பிட்ஸி அல்ல. முதல் கூரையும் அவருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஹேவன் ஹவுஸ் குடிநோயாளிகளின் குடும்பங்களை மனத்தில் கொண்டு பிறந்தது. காப் அம்மையாரின் சட்டம் நீதிமன்றம் வரை போக முடிந்தவளுக்கு மட்டும் பயன்பட்டது. அடிபட்டாள் என்ற ஒன்றே நுழையப் போதிய தகுதி, வேறு சான்று வேண்டாம், எந்த ஊர்க்காரி என்ற கேள்வி வேண்டாம் என்று வைத்து, அதைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் நாடாளுமன்றமும் தினம் பார்க்கும் இடத்தில் நடத்திக் காட்டியது சிசிக்தான். சில ஆண்டுகளுக்குள் சிட்னியில் எல்சி இல்லம், ஆம்ஸ்டர்டாமில் ஒன்று, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒன்று என்று எழும்பின. அவையெல்லாம் சிசிக்கைப் பார்த்து வந்தவை என்று சொன்னால் அந்தந்த ஊர்ப் பெண்களின் உழைப்பைக் குறைத்ததாகும். ஆனால் முன்னால் ஒரு வீடு நடந்துகொண்டிருப்பது பின்னால் வருபவர்களுக்குப் பெரிய பலம்.

1974இல் அவர் எழுதிய முதல் நூலின் தலைப்பே ஊரின் மனநிலையைச் சொல்லிவிட்டது. மெல்ல அலறு, இல்லையென்றால் அண்டைவீட்டாருக்குக் கேட்டுவிடும் என்பது அதன் பொருள். அது ஆய்வு நூல் அன்று. வீட்டுக்கு வந்தவர்களின் கதைகளும், அவர்களைக் கைவிட்ட அலுவலகங்களின் மேல் சினமும் கலந்த எழுத்து. குடும்ப விவகாரம் என்று ஒதுங்கிய காவலர், மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிய மருத்துவர், உனக்குத்தான் ஒரு வீடு இருக்கிறதே என்று சொன்ன வீட்டுவசதி அதிகாரி என்று ஒவ்வொருவரும் அதில் வருகிறார்கள். பெண் ஏன் அந்த வீட்டை விட்டு வரவில்லை, வந்தவள் ஏன் திரும்பிப் போனாள் என்ற கேள்விக்கு அந்த நூல் தரும் விடை மிகத் தெளிவானது: போக இடமில்லை, கையில் காசில்லை, பிள்ளைகளை யாரும் சேர்க்கவில்லை. இந்த விடையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சில ஆண்டுகளில் பிரிட்டனில் நடந்த மாற்றம் வியப்பானது. தொழிற்கட்சி உறுப்பினர் ஜாக் ஆஷ்லி 1973இல் நாடாளுமன்றத்தில் இதைப் பேசத் தொடங்கினார். திருமண வன்முறை பற்றி ஆராய நாடாளுமன்றத் தேர்வுக்குழு அமைந்தது. 10,000 மக்களுக்கு ஒரு குடும்பம் தங்கும் அளவிலாவது அடைக்கல இடங்கள் வேண்டும் என்று அது 1975இல் பரிந்துரைத்தது. 1976இல் ஜோ ரிச்சர்ட்சன் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமானது: விவாகரத்து வழக்குப் போடாமலே தடையாணை பெறலாம், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவளுக்கும் அது உண்டு, ஆணையை மீறினால் கைது செய்யும் அதிகாரத்தை நீதிமன்றம் இணைக்கலாம். 1977இல் வீடற்றோர் சட்டம், வன்முறைக்கு அஞ்சி வீட்டை விட்டவளையும் வீடற்றவளாகக் கணக்கில் எடுத்தது. சிசிக் இல்லத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணின் வழக்கில்தான் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலு சோதிக்கப்பட்டது. வாடகைப் பத்திரத்தில் ஆணின் பெயரும் இருக்கும்போது அவனை வீட்டை விட்டு விலக்க முடியுமா? டென்னிங் பிரபு தலைமையில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். பெரும்பான்மையோர் முடியும் என்றார்கள். 1978இல் பிரபுக்கள் சபையும் அதையே உறுதிசெய்தது. சொத்துரிமைக்கு மேலே உயிர்ப்பாதுகாப்பு ஏறிய நாள் அது.

இவ்வளவுக்கும் பிட்ஸி மட்டுமே காரணமா என்றால், இல்லை. மசோதா எழுதியவர்களும், ஊர் ஊராக இல்லம் தொடங்கிய பெண்கள் குழுக்களும், குழுவின் முன் சாட்சி சொன்னவர்களும் சேர்ந்து செய்தது அது. ஆனால் பிரச்சினைக்கு ஒரு முகவரியைக் கொடுத்தவர் அவர். செய்தியாளர் போய்ப் பார்க்க, உறுப்பினர் போய்ப் பார்க்க, நீதிபதி தன் தீர்ப்பில் பெயர் சொல்ல ஒரு வீடு இருந்தது. அறிக்கையைப் படித்து மறந்துவிடலாம். 75 பேர் இருக்கும் வீட்டுக்குள் போய்விட்டு வந்தவரால் மறப்பது எளிதன்று. ஆஷ்லியும் அவைக்குள் அவருக்குரிய முதல் மரியாதையை வெளிப்படையாகவே செலுத்தினார்.

இயக்கத்தோடு அவருக்கு ஏற்பட்ட முறிவு இந்த நேரத்திலேயே வந்துவிட்டது. பல இல்லங்கள் சேர்ந்து தேசியக் கூட்டமைப்பு அமைத்தபோது சிசிக் அதற்கு வெளியே நின்றது. பிட்ஸியின் குற்றச்சாட்டு, இவர்கள் அடிபட்ட பெண்களின் பெயரால் அரசியல் நடத்தவும் பணம் திரட்டவும் பார்க்கிறார்கள் என்பது. மறுதரப்பின் குற்றச்சாட்டு, இவர் வீட்டைத் தன் சொந்த ராஜ்ஜியமாக நடத்துகிறார் என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கொள்கை என்ற அளவில் கூட்டமைப்பின் பக்கமே கனம் கூடுதல். ஆண்டுக்கணக்கில் ஒருவனின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்தவள் அடைக்கலம் புகுந்த இடத்திலும் வேறொருவரின் கட்டளைக்குக் கீழ் வாழக் கூடாது. இல்லத்தை நடத்துவதில் அவளுக்கும் பங்கு வேண்டும் என்று கூட்டமைப்பு சொன்னது. அது வெறும் சித்தாந்தம் இல்லை, மருத்துவமும்கூட.

ஒரு விஷயத்தில் மட்டும் பிட்ஸி எதிர்த்தரப்பைவிடத் தொலைவாகப் பார்த்தார். சிசிக்கில் அவர் ஆண்களையும் வேலைக்கு வைத்தார், குறிப்பாகப் பிள்ளைகளோடு விளையாட. அடிக்காத ஆண் ஒருவன் இருக்கிறான் என்று அந்தப் பிள்ளைகள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்றார். பல இல்லங்கள் பதின்வயது மகன்களைத் தாயோடு சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம். அடிபட்டவளின் மகன் அடித்தவனின் மகனாகவே ஆகிவிடுவான் என்ற விதியை அவர் ஏற்க மறுத்தார். அவருடைய ஆகச் சிறந்த எண்ணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். துயரம் என்னவென்றால், அதே எண்ணத்தின் மறுபக்கத்தை அவரே பெண்கள் மேல் சுமத்தினார்.

1982இல் ஜெஃப் ஷாபிரோவுடன் சேர்ந்து எழுதிய நூல் அதைச் செய்தது. அதன் சாரம் இது: வன்முறையில் வளர்ந்த பிள்ளையின் உடலும் மனமும் அந்தக் கொந்தளிப்புக்குப் பழகி, அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகின்றன, வளர்ந்த பிறகு அதையே தேடிப் போகின்றன. ஆகவே இல்லத்துக்கு வருபவர்களில் இரு வகை உண்டு. தவறான ஒருவனிடம் எதிர்பாராமல் சிக்கி, விட்டு விலக விரும்பும் பெண் ஒரு வகை. வன்முறையின்பால் ஈர்ப்புக் கொண்டு, தானும் வன்முறை செய்து, விலகினாலும் திரும்பிப் போகும் பெண் மற்றொரு வகை. சிசிக்குக்கு முதலில் வந்த 100 பெண்களில் 62 பேர், தாங்கள் விட்டுவந்த ஆண்களுக்கு நிகரான வன்முறையாளர்கள் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த எண் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. எப்படி எண்ணப்பட்டது என்று கேட்பவர் குறைவு.

கேட்டுப் பார்ப்போம். வன்முறையாளர் என்பதற்கு அளவுகோல் என்ன? தன்னை அடித்தவனைத் திருப்பி அடித்தவளும், பிள்ளையை அடித்தவளும், இல்லத்தில் இன்னொருத்தியோடு கூச்சலிட்டுச் சண்டை போட்டவளும் ஒரே பட்டியலில் வருகிறார்களா? அவருடைய எழுத்திலிருந்து இதைத் தெளிவாகப் பிரித்தறிய வழியில்லை. இதைவிடப் பெரிய ஓட்டை, ஒப்பீட்டிலேயே இருக்கிறது. அந்தப் பெண்களை பிட்ஸி வாரக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தார்: உறக்கமில்லாமல், பயத்தோடு, அந்நியர்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் வீட்டில், ஒரு சமையலறைக்குப் பலர் போட்டியிடும் நிலையில். அவர்கள் விட்டுவந்த ஆண்கள் அந்த வீட்டில் தங்கியிருக்கவில்லை. பூட்டிய அறைக்குள் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அவர் பார்க்கவே இல்லை. கண்டதை வைத்துக் காணாததை அளந்து, இரண்டும் சமம் என்று சொல்வதை எந்தத் தராசும் ஏற்காது.

யார் அந்த வீட்டுக்கு வந்தார்கள் என்பதும் முக்கியம். எவரையும் மறுக்காத வீட்டுக்கு, மற்ற எல்லா இடத்திலும் மறுக்கப்பட்டவர்களே அதிகம் வருவார்கள். தாய்வீடு உள்ளவள் தாய்வீட்டுக்குப் போவாள். பணம் உள்ளவள் விடுதிக்கோ வழக்கறிஞரிடமோ போவாள். யாருமே இல்லாதவள், பிள்ளைப்பருவத்திலேயே காப்பகங்களில் சிதைந்தவள், குடியால் குலைந்தவள் எல்லோரும் சிசிக்குக்கு வந்தார்கள். பிட்ஸியின் பெருந்தன்மையே அவருடைய மாதிரியைக் கோணலாக்கியது. அந்தக் கோணலை அவர் உலகத்தின் வடிவம் என்று எடுத்துக்கொண்டார்.

அதே வீட்டிலிருந்து வேறொரு சான்றும் இருக்கிறது, அதுவும் அவருடைய நூலுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே அச்சானது. மனநல மருத்துவர் கேஃபோர்ட் சிசிக் இல்லத்தில் 100 பெண்களைச் சந்தித்து எடுத்த ஆய்வைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1975இல் வெளியிட்டது. நூறு பேருக்கும் உடலில் கன்றிய காயங்கள் இருந்தன. வெட்டுக்காயங்கள், எலும்பு முறிவுகள் பலருக்கு. பிள்ளைப்பருவத்தில் வீட்டில் வன்முறையைக் கண்டு வளர்ந்தவர்கள் அந்தப் பெண்களைவிட அவர்களுடைய ஆண்களிடையே கணிசமாக அதிகம் என்று அந்த ஆய்வு பதிவு செய்தது. கேஃபோர்ட் பெண்ணியத்தின் நண்பர் அல்லர். அவருடைய பிற்கால எழுத்துக்களைப் பெண்ணியவாதிகள் கடுமையாகச் சாடினார்கள். ஆகவே இந்த முடிவு ஒரு தரப்புக்காக வளைக்கப்பட்டது என்று தள்ள முடியாது. வன்முறையில் வளர்ந்தவர் வன்முறையைத் தேடுவார் என்ற பிட்ஸியின் விதியை அப்படியே வைத்துக்கொண்டாலும், அது முதலில் சுட்டுவது ஆண்களை.

திரும்பிப் போகும் பெண் பற்றிய வாதத்தை மறுக்க வேறெங்கும் போக வேண்டாம்; அவருடைய 1974ஆம் ஆண்டு நூல் போதும். இடமில்லாமலும் காசில்லாமலும் திரும்பிப் போனவர்களை அதில் அவரே வரிசையாக நிறுத்தியிருக்கிறார். முதலில் வந்த 100 பேர் வந்த காலத்தில் 1976, 1977 சட்டங்கள் எதுவும் இல்லை. வீடு கொடுக்கும் கடமை இல்லை, விவாகரத்து வழக்கு இல்லாமல் தடையாணை இல்லை. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தபோது திரும்பிப் போனவளின் நடத்தையை அவளுடைய உள்மனத்தின் நாட்டமாகப் படிப்பது, எட்டு ஆண்டுகளுக்கு முன் தானே காவலரையும் அதிகாரிகளையும் நோக்கி நீட்டிய விரலை அவள் பக்கம் திருப்புவதாகும். இந்தக் கோட்பாட்டின் மேல் எனக்குள்ள ஆழமான மனத்தாங்கல் இதுதான். ஒரு பெண்ணின் முகத்தில் காயத்தைப் பார்த்து, நீ என்ன செய்தாய் என்று கேட்கும் ஊர்வாயை மூட வந்தவர் பிட்ஸி. அதே கேள்விக்கு அவரே ஓர் அறிவியல் உடையைத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கோட்பாட்டுக்குத் துணையாக அவருடைய ஆதரவாளர்கள் காட்டும் ஆய்வுகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். முர்ரே ஸ்ட்ராஸும் உடன் ஆய்வாளர்களும் 1975இல் அமெரிக்காவில் 2,143 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு, அடித்ததாகச் சொல்பவர்களின் விகிதம் ஆண்களிடமும் பெண்களிடமும் ஏறக்குறைய சமம் என்றது. அதைப் பொய்யென்று தள்ளுவது சரியல்ல. ஆனால் அந்த அளவுகோல் அடியை எண்ணியது. யார் தொடங்கினார், யார் பயந்தார், யாருக்கு எலும்பு முறிந்தது என்பதைச் சரிவர எண்ணவில்லை. 1995இல் மைக்கேல் ஜான்சன் இந்த முரணுக்கு ஒரு தெளிவு கொடுத்தார். சச்சரவு முற்றிக் கைகலப்பாகும் வன்முறை ஒன்று. ஒருவர் மற்றவரை முழுக்க அடக்கி ஆள்வதற்காகத் தொடர்ந்து செலுத்தும் வன்முறை இன்னொன்று. பொதுக் கணக்கெடுப்புகளில் அகப்படுவது பெரும்பாலும் முதலாவது, அதில் இருபாலரும் உண்டு. அடைக்கல இல்லங்களின் கதவைத் தட்டுவது பெரும்பாலும் இரண்டாவது, அதைச் செய்வது பெரும்பாலும் ஆண்கள். இந்தப் பிரிப்பை ஏற்றால் பிட்ஸியின் எண் இன்னும் விந்தையாகிறது. இருதரப்பு வன்முறை மிகக் குறைவாகத் தென்பட வேண்டிய இடத்தில் அதைப் பெரும்பான்மையாகக் கண்டதாக அவர் சொல்கிறார்.

பிறகு அவர் ஏன் அப்படிக் கண்டார்? அவர் பொய் சொன்னார் என்று நான் நம்பவில்லை. வன்முறை செய்யும் பெண்ணை அவர் மிக நெருக்கத்தில் அறிந்தவர். அவளுடைய கையில் அடிபட்டு வளர்ந்தவர். அடிக்கும் தாய் என்பவள் உலகில் இருக்கிறாள், அவளைப் பற்றி இயக்கம் பேசவே இல்லை என்ற அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தத் தாயை எண்ணிக்கையாக்கி 100க்கு 62 என்று பிற பெண்கள் மேல் எழுதியபோது அந்த நியாயம் கைநழுவிப் போனது. தன் வாழ்க்கை ஒருவருக்குக் கேள்வியைத் தரலாம்; விடையையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டால் மற்றவர்களின் வாழ்க்கை மறைந்துவிடும்.

நூல் வெளிவந்தபோது எதிர்த்தரப்பு நடந்துகொண்ட விதத்தையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். மறியல்கள் நடந்தன. நூலை அறிமுகப்படுத்தச் சென்ற இடங்களில் காவல்துறைப் பாதுகாப்போடு செல்ல வேண்டியிருந்தது, கொலை மிரட்டல்கள் வந்தன என்று பிட்ஸி சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் அவர் பிரிட்டனை விட்டு அமெரிக்காவின் சாண்டா ஃபே நகருக்குப் போனார். கேமன் தீவுகள், இத்தாலி என்று கழித்து 1997இல் லண்டன் திரும்பினார். வன்முறையை எதிர்க்கும் இயக்கத்தின் பெயரால் ஒரு மிரட்டல் கடிதம் போயிருந்தாலும் அது வெட்கக்கேடு. எதிரியின் கோட்பாடு எவ்வளவு பிழையாக இருந்தாலும் அது மாறாது. மிரட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் டோபாஷ் தம்பதியர் 109 பெண்களிடம் விரிவாகப் பேசியும் காவல்துறைப் பதிவுகளைத் துருவியும் எழுதிய நூல் 1979லேயே வந்துவிட்டது. புத்தகத்துக்குப் புத்தகம் கையில் இருந்தது. கூச்சலால் விளைந்தது ஒன்றுதான்: பலவீனமான ஒரு வாதத்துக்குத் தியாகியின் ஒளி கிடைத்தது. இன்று அந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் சான்றைக் காட்டுவதில்லை, அதைச் சொன்னவர் பட்ட பாட்டைக் காட்டுகிறார்கள்.

அடிபடும் ஆண்களைப் பற்றி அவர் சொன்னதில் எது நிற்கிறது? நிறையவே நிற்கிறது. 1970களிலேயே ஆண்களுக்கும் ஓர் இல்லம் தொடங்க முயன்று, பணம் தர யாரும் முன்வராததால் அது நடக்கவில்லை என்று அவர் கூறியிருக்கிறார். 2023 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்பத் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பெண்களும் 7.5 லட்சம் ஆண்களும் என்று அரசின் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. மூவரில் ஒருவர் ஆண். அவர்களை இல்லாதவர்கள் போல் நடத்துவது கொடுமை, அதை முன்கூட்டியே சொன்னவர் பிட்ஸி. ஆனால் துணையின் கையால் கொல்லப்படுபவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஆணுக்கும் கதவு வேண்டும் என்பதற்கு, பெண் சமமாகக் குற்றவாளி என்று நிறுவ வேண்டிய அவசியம் எங்கே வருகிறது? அவருடைய சிசிக் விதியே போதுமே: வந்தவர் அடிபட்டிருக்கிறார், உள்ளே விடு. பிற்காலத்தில் அவர் பெண்ணியத்தையே பகையாகக் காணும் ஆண்கள் உரிமைத் தளங்களுக்குத் தன் பெயரைக் கொடுத்தது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அங்கே அவர் பேச்சு அடிபட்ட ஆணுக்குக் கூரையாகப் பயன்பட்டதைவிட, அடிபட்ட பெண்ணுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்பட்டதே அதிகம்.

2024ஆம் ஆண்டுப் புத்தாண்டு விருதுப் பட்டியலில், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஆற்றிய பணிக்காக அவருக்கு சி.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது. கொடுத்திருக்கவே கூடாது என்று சொன்னவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். விருது சிசிக் ஹை ரோடு வீட்டுக்கு என்றால் அது மிகத் தாமதமாக வந்தது. அந்த வீடு வளர்ந்து, 1993இல் ரெஃப்யூஜ் என்று பெயர் பெற்று, இன்று பிரிட்டனின் பெரிய அமைப்புகளில் ஒன்றாக இருக்கிறது. 1982ஆம் ஆண்டு நூலை, வன்முறையால் காயப்பட்ட ஒருவரின் சாட்சியமாகப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். கொள்கை வகுப்பவரோ நீதிபதியோ ஆலோசகரோ அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலாவது நூலும் இரண்டாவது நூலும் முரண்படும் இடங்களில் முதலாவதையே நம்ப வேண்டும். அது வெளியே பூட்டியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதப்பட்டது.

பிட்ஸிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு கடன் மட்டும் இன்னும் கணக்கில் ஏறாமல் இருக்கிறது. இங்கிலாந்தின் 2021ஆம் ஆண்டுக் குடும்பத் துன்புறுத்தல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, வீட்டில் நடக்கும் வன்முறையைப் பார்க்கும், கேட்கும், அதன் விளைவுகளை அனுபவிக்கும் பிள்ளையையும் நேரடியாகப் பாதிக்கப்பட்டவராகவே கொள்கிறது. தாயின் பின்னால் நிற்கும் நிழலாக இதுவரை எண்ணப்பட்ட பிள்ளைக்குச் சட்டத்தில் சொந்த இடம் கிடைத்துவிட்டது. 1970களில் சிசிக்கில் பிள்ளைகளுக்கென்று விளையாட்டறையும், அவர்களோடு விளையாட அடிக்காத ஆண்களும், தாயோடு வந்த பதின்வயது மகனுக்கு ஒரு மெத்தையும் வைத்தபோது பிட்ஸி செயலில் சொன்னது இதைத்தான். அதைச் சொல்ல உடலின் போதை பற்றிய கோட்பாடு எதுவும் அன்று அவருக்குத் தேவைப்படவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் தேவைப்படவில்லை.